விடிஞ்ச பிறகு ஊதணும்

தகுவாரத்தி ஊரில் எல்லா வீட்டுக் கடிகாரமும் ஒரு மணி சொன்னால் சுனில்டா வீட்டு அடுப்படிக் கடிகாரம் மட்டும் வேறு மணி சொல்லும். சரியாக ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். கடிகாரத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. கோளாறு எல்லாம் தலைநகரத்தில்.

பராகுவாயில் பிறந்தவர்கள் வருஷத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாற்காலி மேல் ஏறிப் பழகியவர்கள். வெயில் காலம் வந்தால் முள்ளை ஒரு மணி முன்னால் தள்ளுவோம், குளிர் காலம் வந்தால் பின்னால் இழுப்போம். போன வருஷம் தலைநகரம் அசுன்சியோனில் கூடி உட்கார்ந்தவர்கள், இனி இந்தத் தள்ளலும் இழுப்பும் வேண்டாம், வருஷம் முழுக்கக் கோடை நேரமே இருக்கட்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். சூரியனை ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், இல்லை. ஜூன் மாதத்தில் அது ஏழரைக்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது. பள்ளிக்கூட மணியோ ஏழுக்கு அடிக்கிறது. தெருவிளக்கு எரிகிற ஊரில் உட்கார்ந்து சட்டம் போடுகிறவர்களுக்கு இருட்டு என்றால் என்னவென்று எங்கே தெரியப்போகிறது?

மார்ச் மாதக் கடைசியில், வழக்கமாக முள்ளைப் பின்னால் இழுக்கிற அந்த ஞாயிற்றுக்கிழமை, சுனில்டா யாரையும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

“ஏய், இறங்கு. இந்த வருஷம் மாத்தறது கிடையாது,” என்றான் அவள் கணவன் டெர்லிஸ்.

“உன் போன்ல மாத்தாதே. இது என் அடுப்படி.”

“ஊருக்கெல்லாம் ஒரு மணி, உனக்கு மட்டும் தனி மணியா? நீ என்ன தனி நாடா?”

“ஆமா. கொடி ஒண்ணுதான் பாக்கி. அதையும் தெச்சு மாட்டிடறேன்.”

அன்றிலிருந்து அவள் அடுப்படிக் கடிகாரத்தைப் பார்ப்பாள், மனசுக்குள் ஒன்று கூட்டிக்கொள்வாள், அதுதான் ஊர் மணி. மூன்று மாதத்தில் அது எவ்வளவு பழகிப்போனதென்றால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒன்று கூட்டித்தான் சொல்வாள்.

டெர்லிஸுக்குக் கோடை நேரம் என்றால் உயிர். வீட்டுக்குப் பக்கத்தில் வாலிபால் மைதானம் ஒன்று போட்டிருந்தான். சாயங்காலம் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் ஊர் இளவட்டங்கள் அங்கேதான் கிடப்பார்கள். அவனே நடுவர், அவனே மாவுக்குள் இறைச்சி வைத்து எம்பனாதா பொரித்து விற்கிறவன். பழைய குளிர்கால நேரத்தில் ஐந்து மணிக்கே பந்து கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட வேண்டியதுதான். புது நேரத்தில் அந்தக் கவலை இல்லை. அவன் சந்தோஷத்தில் தப்பும் இல்லை.

சுனில்டாவுக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. அதன் பேர் ஜெருத்தி. எட்டு வயசு, ஒற்றை மகள். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற செம்மண் பாதை முதலில் மூங்கில் புதருக்குள் நுழையும், அப்புறம் ஓடைமேல் போட்ட மரப்பாலம், அதைத் தாண்டி யூகலிப்டஸ் தோப்பு, அதற்கப்புறம்தான் கோயிலும் பள்ளிக்கூடமும். பாலத்தின் ஒரு பக்கக் கைப்பிடியைப் போன வெள்ளம் கொண்டுபோய்விட்டது. வழியில் ஒரு விளக்குக் கிடையாது. பக்கத்து வீட்டு டோரோத்தெயாவின் இரண்டு பையன்கள் ஆறேகாலுக்கு மேல் டார்ச்சோடு வந்து வாசலில் கூப்பிடுவார்கள். ஜெருத்தி அவர்களோடு போவாள். டார்ச் வெளிச்சம் மூங்கிலுக்குள் மறைகிற வரை சுனில்டா வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதற்கப்புறம் விடிகிற வரைக்கும் எந்த வேலை செய்தாலும் அவள் காது பாதைப்பக்கமே இருக்கும்.

நாய்க்கும், விளக்கில்லாமல் பறக்கிற மோட்டார் சைக்கிளுக்கும் பயந்தாள். ஆனால் எல்லாவற்றையும்விட அவருக்குப் பயந்தாள்.

அவர் பேரை நானும் சொல்ல மாட்டேன். இங்கே இருட்டிவிட்டது. ராத்திரி ஐயா என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். குள்ளம், உடம்பெல்லாம் ரோமம், நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது. பொழுது சாய்ந்ததிலிருந்து பொழுது விடிகிற வரைக்கும் புதரெல்லாம் அவர் ராஜ்யம். பறவை மாதிரிக் கூவுவார், கோழிக்குஞ்சு மாதிரிக் கத்துவார், தெரிந்தவர்கள் குரலிலேயே கூப்பிடுவார். இருட்டில் யாராவது விசிலடித்தால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வந்து நிற்பார். நாமாக அவர் வழிக்குப் போகாமல், கொல்லைப்புறத்தில் கொஞ்சம் புகையிலையும் ஒரு மடக்குக் கரும்புச் சாராயமும் வைத்துவிட்டால் அவரும் நம் வழிக்கு வரமாட்டார். சுனில்டா ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் கொல்லை மரக்கட்டை மேல் வைப்பாள். அவளைப் பொறுத்தவரை, அசுன்சியோன்காரர்கள் அவருடைய நேரத்தில் ஒரு மணியைப் பிடுங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் சும்மா விடுவாரா?

ஜூன் மாதம் இரண்டாவது வாரத்தில் மிர்த்தா டீச்சர் பெற்றோர் கூட்டம் போட்டார். குளிர்காலம் முடிகிற வரைக்கும் மணியை எட்டுக்கு அடிக்கலாமா, ஏழுக்கே இருக்கட்டுமா என்று கேட்டார்.

“எட்டுன்னா பழைய நேரம், ஏழுன்னா புது நேரம். அவ்வளவுதான் விஷயம். கையைத் தூக்குங்க, வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாம்,” என்றார்.

அவ்வளவு சுலபமாக முடியுமா? மதியப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் எழுந்துவிட்டார்கள். காலைப் பள்ளியைத் தள்ளினால் மதியப் பள்ளியும் தள்ளும், எங்கள் பிள்ளைகள் இருட்டில் திரும்ப வேண்டியிருக்கும், உங்கள் பிள்ளைதான் பிள்ளையா என்று கேட்டார்கள். அதுவும் நியாயம்தான். இருக்கிற இருட்டு இருக்கிறபடியே இருக்கிறது, அதை யார் தலையில் கட்டுவது என்றுதானே இந்தச் சண்டை முழுக்க. கடைசியில் கை தூக்கினார்கள். சுனில்டா எட்டுக்குத் தூக்கினாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த டெர்லிஸ் ஏழுக்குத் தூக்கினான். ஊரே பார்த்துச் சிரித்தது. ஏழுதான் ஜெயித்தது.

வீடு வந்து சேருகிற வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு அதுதான் தாங்காது. திட்டினால் பதிலுக்குத் திட்டிவிட்டுத் தூங்கப் போகிறவன் அவன். கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த நடுவர் விசிலைக் கழற்றி மகள் கழுத்தில் மாட்டினான்.

“இந்தா கண்ணு. வழியில பயமா இருந்தா, விழுந்தா, நாய் துரத்தினா, எதுவா இருந்தாலும் ஊது. அப்பா எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவேன்.”

“டவுன்ல இருந்தா?”

“டவுன்ல இருந்தாலும்.”

ஜெருத்தி அப்போதே ஊதப் போனாள். வெளியே பொழுது சாய்ந்திருந்தது. சுனில்டா பாய்ந்து அந்தச் சின்ன வாயைப் பொத்தினாள். பிறகு தலைபின்னுகிற சாக்கில் அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் காதோடு சொன்னாள்.

“இருட்டுல இதை ஊதக்கூடாது. தெரியுமில்ல? ஊதினா யாரு வருவா?”

“ராத்திரி ஐயா.”

“யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா?”

“பதில் சொல்லக்கூடாது. அவர் அம்மா குரல்லகூடக் கூப்பிடுவார்.”

“அதான். விடிஞ்ச பிறகு ஊதணும்.”

ஜெருத்தி பாதிப் பின்னலோடு திரும்பினாள். “விடியறதுன்னா எதும்மா? கடிகாரமா, சூரியனா?”

“சூரியன். கடிகாரத்தை யாருடி நம்பறா?”

இதைச் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தியாகக்கூட இருந்தது.

ராத்திரி படுத்த பிறகு டெர்லிஸ் மெல்லத் தோளைத் தொட்டான். “இன்னும் கோவமா?”

“கோவம் என்ன கோவம். நீயே ஜெயிச்சே. ஊர் மணியே இருந்துட்டுப் போகட்டும்,” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள், எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒரு மனுஷி தோற்றுப்போன வயிற்றெரிச்சலில் சொன்ன வார்த்தையை அவன் சமாதானம் என்று எடுத்துக்கொண்டான். சனிக்கிழமை ஆட்டத்துக்கு மாவும் இறைச்சியும் வாங்க டவுனுக்குப் போகவேண்டியிருந்ததால் அவன் கருக்கலிலேயே எழுந்தான். அவளை எழுப்பவில்லை. அடுப்படியில் நாற்காலியைப் போட்டு ஏறி, கடிகார முள்ளை ஊர் மணிக்குத் திருப்பி வைத்தான். அவள் பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். மோட்டார் சைக்கிளை வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் கிளம்பிப் போனான்.

சுனில்டா கண் விழித்தபோது வெளியே கும்மிருட்டு. பனிமூட்டம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. சேவல் கூவியது, ஆனால் புது நேரம் வந்ததிலிருந்து அந்தச் சேவலை யாரும் மதிப்பதில்லை. வீட்டில் இருந்த ஒரே போனும் டெர்லிஸோடு போய்விட்டது. அவள் அடுப்படிக்குப் போய்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து இருபத்தைந்து. ஒன்று கூட்டினாள்.

ஐயோ, ஆறு இருபத்தைந்து. பையன்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அழுதுவிட்டுத் தூங்கியதில் கேட்கவில்லை போல.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டமும் நடையும்தான். பிள்ளையை எழுப்பி, முகத்தில் தண்ணீர் அடித்து, வெள்ளைச் சட்டையை மாட்டி, அதன்மேல் கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டு, பையில் ஒரு சிப்பாவைத் திணித்தாள். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட அந்த ரொட்டி நேற்றையது, கல் மாதிரி இருந்தது.

“டார்ச்சு?” என்றாள் ஜெருத்தி.

“அவங்ககிட்ட இருக்குடி. ஓடு, பாலத்துக்கிட்ட பிடிச்சுடலாம். ஓடு கண்ணு.”

பிள்ளை வாசலில் ஒரு நிமிஷம் நின்று மூங்கில் பக்கம் பார்த்தது. அப்புறம் ஓடியது. காலடிச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு பனிமூட்டம் அதையும் விழுங்கிவிட்டது. சுனில்டா சிலுவை போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

பால் கறந்து, காய்ச்சி, பாலாடைக்கட்டிக்கு உறை ஊற்றிவிட்டு சுரைக்குடுவையில் மாத்தே மூலிகைத் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது வாசலில் குரல் கேட்டது.

“ஜெருத்தி! வா, நேரமாச்சு.”

சுனில்டாவின் கையில் இருந்த குடுவை அப்படியே நின்றது. இருட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற குரல். பதில் சொல்லாமல் வேலியருகே போனாள். டார்ச் வெளிச்சம் ஒன்று ஆடியது. டோரோத்தெயாவின் பையன்கள்தான். மூத்தவன் இலாரியோ மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

“ஏண்டா இவ்வளவு லேட்டு? அவ அப்பவே போயிட்டாளே.”

“லேட்டா? மணி ஆறு இருபதுதான்,” என்று இலாரியோ போனைத் தூக்கிக் காட்டினான்.

அவள் அடுப்படிக்கு ஓடினாள். கடிகாரம் ஆறு இருபது என்றது. அடுப்படிக் கடிகாரமும் ஊர் மணியும் ஒன்றாக நிற்பதை அவள் மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் பார்த்தாள். கடிகாரத்துக்குக் கீழே நாற்காலி கிடந்தது. காலையில் அதைச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறாள், கண்ணில் படவில்லை. யாருமே இல்லாத பாதையில், யாரையோ பிடிக்கச் சொல்லி, வெறுங்கையோடு பிள்ளையைத் துரத்தி விட்டிருக்கிறாள்.

“டார்ச்சைக் குடு,” என்றாள். குடுக்கிறதுக்குள் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

மூங்கில் புதருக்குள் டார்ச் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. பனிமூட்டம் வெளிச்சத்தையே திருப்பி முகத்தில் எறிந்தது. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிரீச்சிட்டன. அவள் “ஜெருத்தி” என்று கத்தினாள். பதில் இல்லை. இன்னும் கத்தினாள். இடது பக்கப் புதரில் எதுவோ நீளமாக ஒரு விசில் அடித்தது.

அவள் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. பறவைதான், பறவைதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அந்த நேரத்தில் எந்தப் பறவை அப்படிக் கூவும் என்று மனசு கேட்டது. முதுகுப்பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. “காகுபே மாதாவே, என் பிள்ளையைக் குடுத்துடு” என்று முணுமுணுத்துக்கொண்டே முன்னால் ஓடினாள். மரப்பாலம் அவள் செருப்புக்கடியில் தடதடத்தது. அங்கே நின்றும் கத்தினாள். கீழே ஓடைத்தண்ணீர் சலசலத்ததே தவிர வேறொன்றும் இல்லை.

பள்ளிக்கூடக் கதவு பூட்டிக் கிடந்தது. கும்மென்று இருட்டு. கோயில் படியில் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மிர்த்தா டீச்சர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சுனில்டாவின் முகத்தைப் பார்த்ததும் சாவியைக்கூட எடுக்காமல் கேட்டார்.

“என்னாச்சு? யாருக்கு என்ன?”

“என் பொண்ணு வந்தாளா டீச்சர்? ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிட்டா. நான்தான் அனுப்பினேன்.”

“இங்க யாரும் வரலையே. நான்தான் முதல் ஆள்.”

டீச்சர் டெர்லிஸுக்குப் போன் போட்டார். அவன் குரல் வெளியே கேட்கிற அளவுக்குக் கத்தினான். சுனில்டா போனை வாங்கினாள்.

“கடிகாரத்தைத் தொட்டியா?”

“ஊர் மணியே இருக்கட்டும்னு நீதானே சொன்னே. நீ ஏறி மாத்த வேண்டாமேன்னு நானே… ஏன், என்ன ஆச்சு? ஜெருத்தி எங்க?”

“தெரியலைய்யா. உன் பொண்ணு எங்கன்னு எனக்குத் தெரியலை,” என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஊர் திரண்டுவிட்டது. டோரோத்தெயா கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தாள். ஆண்கள் தோப்புக்குள் டார்ச்சோடு போனார்கள். ஒருவன், இருட்டில் ஒரு வண்டி நிற்காமல் போனதைப் பார்த்தேன் என்றான். எந்த வண்டி, எப்போது என்றால் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டதும் சுனில்டாவுக்கு வேறொரு பயம் பிடித்தது. ராத்திரி ஐயாவிடமிருந்தாவது புகையிலை வைத்து மீட்கலாம், மனுஷன் கொண்டுபோயிருந்தால் யார் காலில் போய் விழுவது?

அவள் மறுபடி பாதையில் திரும்பி நடந்தாள், கத்திக்கொண்டே. டோரோத்தெயா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“பேர் சொல்லிக் கத்தாதடி சுனில்டா. இருட்டுல பேர் சொன்னா அவருக்கும் அந்தப் பேரு தெரிஞ்சுபோகும்.”

“தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும் டோரோ அக்கா. பேர் சொல்லாம எப்படிக் கூப்பிடறது?”

“பிள்ளைகிட்ட விசில் இருக்குன்னு டெர்லிஸ் போன்ல டீச்சர்கிட்ட சொன்னானாமே. ஊதியிருக்குமே.”

சுனில்டா பாதை நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். விசில். நேற்றுச் சாயங்காலம் அடுப்படியில் தலை பின்னினது, காதோடு சொன்னது, எல்லாம் கண்முன்னால் வந்தது. இருட்டில் ஊதாதே. கூப்பிட்டால் பதில் சொல்லாதே. அம்மா குரலில்கூடக் கூப்பிடுவார். இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினது எல்லாம் அந்தப் பிள்ளை காதில் விழுந்திருக்கும். விழவிழ அது வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருக்கும். சொன்ன பேச்சுத் தட்டாத பிள்ளை. அதை அப்படி வளர்த்ததும் இவள்தான்.

“அது ஊதாது அக்கா,” என்றாள். “விடியற வரைக்கும் அது ஊதாது.”

அப்படியே பாதையோரத்து ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கிழக்கே பார்த்தாள். ஒரு வெளுப்புக்கூட இல்லை. பள்ளிக்கூட மணி அடித்தது, ஏழு. அசுன்சியோனில் ஏழு, டெர்லிஸ் போனில் ஏழு, அடுப்படிக் கடிகாரத்தில்கூட இப்போது ஏழு. அவள் பிள்ளைக்கு மட்டும் இன்னும் நடுராத்திரி. உயிரோடு இருந்தால் சூரியன் வந்ததும் ஊதும். ஊதாவிட்டால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. டோரோத்தெயா தன் கம்பளியை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினாள்.

இருட்டு கரிநிறமாக இருந்து சாம்பல் நிறமானது. வேலிக்கம்பம் ஒன்று தெரிந்தது, அப்புறம் இன்னொன்று. டெர்லிஸ் மோட்டார் சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டு ஓடி வந்தான், சேறும் சகதியுமாக. அவள் அவனை அடிக்கக் கை ஓங்கினாள், அடிக்கவில்லை, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“சும்மா இரு. பேசாதே. காது குடு,” என்றாள்.

மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். யூகலிப்டஸ் உச்சியில் மஞ்சள் வெளிச்சம் ஒட்டியது. அது மெல்ல இறங்கி மரத்தின் பாதிவரை வந்தது. இன்னும் சத்தம் இல்லை. வெளிச்சம் பாதையில் விழுந்தது. பாலத்தின் பலகை மேல் விழுந்தது.

விசில் கேட்டது.

மெலிசாகத்தான் கேட்டது, பாதியில் மூச்சு முட்டி நின்றது. பாலத்துக்கு அடியிலிருந்து.

டெர்லிஸ் முள்ளுக்குள்ளேயே சரிந்து இறங்கினான். சுனில்டா பின்னாலேயே உருண்டாள். கைப்பிடி இல்லாத பக்கத்தில், நாணலுக்குள், பாலத்து மரக்கால் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி ஜெருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் கணுக்காலில் வீங்கி நீலம் பாரித்திருந்தது. உதடும் நீலம். பக்கத்துக் கல்மேல் பாதிச் சிப்பா ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

சுனில்டா பிள்ளையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அந்தச் சின்ன உடம்பு அவள் கைக்குள் மரம் மாதிரி விறைத்துக் கிடந்தது. ஜெருத்தி அவள் முகத்தைத் தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மாதானே?”

“அம்மாதாண்டி. அம்மாதான் கண்ணு.”

“நீ கூப்பிட்டது கேட்டுச்சு. நிறைய தடவை கேட்டுச்சு. நான் வாயைப் பொத்திக்கிட்டேன்.”

சுனில்டா பிள்ளையின் சில்லிட்ட விரல்களைத் தேய்த்துவிட்டாள்.

“அப்புறம் தலைக்கு மேல செருப்புச் சத்தம் வந்துச்சு. அவர் நடந்தா சத்தம் கேக்காதுன்னு சொல்லியிருக்கியே, அதனால அம்மாவா இருக்குமோன்னு நெனச்சேன். ஆனா நிச்சயமாத் தெரியல.” பல் கிடுகிடுக்கச் சொன்னாள். “பாதி சிப்பா அவருக்கு வெச்சேன். எடுக்கல.”

டெர்லிஸ் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தான். டோரோத்தெயா மேலே பாலத்தில் மண்டியிட்டுவிட்டாள். தங்கள் தலைக்கு மேல் இருந்த அந்தப் பலகைகளைச் சுனில்டா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அதன்மேல்தான் அவள் நின்று கத்தியிருக்கிறாள்.

காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். டாக்டர், இன்னும் கொஞ்சம் குளிரில் கிடந்திருந்தால் நெஞ்சில் சளி கட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். பாலத்துக்குக் கைப்பிடி வந்தது, ஊர்க்காரர்களே மூங்கிலை வெட்டிக் கட்டினார்கள். பள்ளிக்கூட மணி இன்னும் ஏழுக்குத்தான் அடிக்கிறது. அடுப்படிக் கடிகாரம் ஊர் மணியோடே ஓடுகிறது. சுனில்டா அதைப் பார்த்ததும் இப்போதும் ஒன்று கூட்டிவிடுகிறாள், பிறகு திடுக்கிட்டுக் கழிக்கிறாள். கணவனும் மனைவியும் அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால் யார் தப்பு என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு நாள் விடியற்காலை, பால் கறக்கப் போகிற நேரம், கட்டிலில் இருந்து ஜெருத்தி கூப்பிட்டாள். விசில் இன்னும் அவள் கழுத்தில்தான் இருந்தது.

“அம்மா, கட்டுப் பிரிச்சதும் மறுபடி இருட்டுலதானே போகணும்?”

“ஆமா.”

“இருட்டுல விழுந்தா என்ன பண்ணணும்?”

சுனில்டா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஊது என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சொன்னால் பிள்ளை நம்பாது. எட்டு வருஷம் ஒன்றைச் சொல்லிவிட்டு இன்றைக்கு வேறொன்று சொன்னால், இது அம்மாதானா என்றுதான் பார்க்கும். அவள் பிள்ளையின் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தாள்.

கும்மிருட்டு. மரக்கட்டை மேல் வெள்ளிக்கிழமை வைத்த புகையிலை அப்படியே இருந்தது. அதற்கு அப்பால் மூங்கில் உரசிக் கிரீச்சிட்டது. பிறந்ததிலிருந்து இன்றுவரை இருட்டில் அவள் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்ததில்லை. விசிலை வாயில் வைத்தாள். அது பல்லில் பட்டுக் கடகடத்தது. பின்னால் கட்டிலில் பிள்ளை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

ஊதினாள்.

சத்தம் மூங்கில் புதரைத் தாண்டிப் போயிற்று. உள்ளே கட்டில் சரிந்த சத்தம் கேட்டது. டெர்லிஸ் அரைத்தூக்கத்தில், வெறுங்காலோடு, கையில் வெட்டரிவாளோடு ஓடி வந்தான்.

“என்னடி? எங்க? யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. ஊதினா வர்றியான்னு பாத்தோம்.”

அவன் வெட்டரிவாளைக் கீழே இறக்கினான். உள்ளேயிருந்து ஜெருத்தியின் குரல் வந்தது.

“அப்பா மட்டும்தான் வந்தாராம்மா?”

சுனில்டா மூங்கில் பக்கம் பார்த்தாள். அங்கே எதுவும் தெரியவில்லை. எதுவும் இல்லை என்று அவளால் சத்தியம் பண்ணவும் முடியாது.

“அப்பா மட்டும்தான்,” என்றாள்.

“அப்ப இன்னொரு தடவை ஊது.”

சுனில்டா மறுபடி மூங்கில் பக்கம் திரும்பினாள். ஒரு கையால் டெர்லிஸின் தோளைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை இன்னும் பலமாக ஊதினாள்.